திரையில் இருந்த பெயர்

வரிசையிலிருந்து ஒருவரை நீக்கினால் அவர் மட்டுமே நீங்குகிறார் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணமே அவருக்குப் பின்னால் உள்ள எல்லோரும் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடுகிறார்கள்.

செண்பகாவுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் கணினி நிரல் எழுதக் கற்ற இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. வரிசையில் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் அவர் சிரமப்பட்டுக் கற்றார். நீக்குவது எளிது என்று நினைத்தார்.

இருவரும் வேலை பார்த்த டயாலிசிஸ் மையத்தில், அடுத்து உள்ளே வர வேண்டியவர்களின் பெயர்களைக் கூடத்துத் திரையில் காட்டும் வலைப்பக்கத்துக்கு, இறந்துபோன நோயாளிகளின் பெயர்களை நீக்கும் நிரலை அவர்தான் எழுதினார். அன்று காலை அதை ஓட்டிவிட்டுக் கீழே போனவர், வெளிறிய முகத்துடன் மேலே செண்பகாவிடம் ஓடிவந்தார்.

“மேடம், நேத்து இறந்தவரு பேரு கூடத்துத் திரையில ஓடுது. சர்டிபிகேட் வாங்க வந்த அவரு சம்சாரம் அதைப் பார்த்துட்டாங்க. ‘உள்ள கூப்பிடுதாங்களே, அவரு இருக்காரா’ன்னு நர்ஸைக் கேக்காங்க.”

செண்பகா எழுந்துவிட்டாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

“பட்டியல்ல அடுத்தடுத்து இருந்த ரெண்டு பேரு இறந்தாங்க. ரெண்டையும் நீக்கத்தான் எழுதினேன். ஒண்ணு எப்படித் தங்குச்சு?”

அவள் மேசையிலிருந்த தேநீர்க் கப்புகளை வரிசையாக வைத்தாள். நடுவில் அடுத்தடுத்து இரண்டு காலி.

“இடப்பக்கத்துலேருந்து ஒவ்வொரு இடமா விரல் வச்சுட்டு வாங்க சார். காலியா இருந்தா எடுத்துட்டு, மத்ததை இழுத்து இடைவெளியை மூடிருங்க. அப்புறம் அடுத்த இடம். எப்படியும் இந்தக் கப்பெல்லாம் நீங்கதான் கழுவணும்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு காலிக் கப்பை எடுத்தார். மற்றவற்றை இழுத்தார். விரலை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். அங்கே தேநீர் இருந்தது.

விரலுக்கு இடப்பக்கம் இன்னொரு காலிக் கப்பு நின்றது.

“அய்யோ!”

“ஒண்ணு போன இடத்துக்கு யாரு வந்தாங்கன்னு நீங்க பாக்கலை.”

“இப்ப என்ன செய்ய?”

“கடைசியிலேருந்து முன்னால வாங்க. அப்ப நகர்றதெல்லாம் நீங்க ஏற்கெனவே பார்த்ததா இருக்கும்.”

அவர் நிரலில் ஒரு வரியைத் திருத்தினார். ஓட்டுவதற்கான பொத்தானின் மேல் விரல் நின்றது.

“மேடம், இதை அழுத்தினா பேரு போயிரும்.”

“போயிரும்.”

“அந்தம்மா திரையவே பாத்துட்டு உக்காந்திருக்காங்க.”

செண்பகா அவருடைய கையைப் பொத்தானிலிருந்து விலக்கினாள்.

“முதல்ல கீழ போய் அவங்ககிட்ட உக்காந்து சொல்லுங்க. அப்புறமா வந்து எடுங்க.”

மதியச் சாப்பாட்டு வேளை வரை அந்தப் பெயர் திரையில் இருந்தது.