பவளாயியின் ஈரல்

மூன்று இதயம், எட்டுக் கை, நீல ரத்தம். உடம்பில் எலும்பு ஒன்றுகூட இல்லை. கடலில் இருக்கும், ஆனால் மீன் இல்லை. யார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஆமாம், ஆக்டோபஸ்தான். மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். இந்தக் கதையில் வரும் பேய்க்கணவாயின் பெயர் பவளாயி.

பவளாயியின் பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழாய் இருந்தது. கரையில் உள்ள உலோகப் பட்டறைகளின் கழிவுநீர் அதன் வழியாகக் கடலில் விழுந்தது. குழாய் வாயில் கிடந்த நண்டுகள் மந்தமானவை. கை நீட்டினால் போதும், பிடித்துவிடலாம்.

"அக்கா, அந்த நண்டு வேண்டாம். ஒன்று தின்று பார்த்தேன். துருப்பிடித்த நங்கூரத்தை நக்கியது போல இருக்கிறது" என்றாள் ஓட்டாயி. அவள் ஓட்டுக்கணவாய். முதுகுக்குள் வெள்ளை ஓடு உள்ளவள்.

"கசக்கத்தான் செய்கிறது" என்றாள் பவளாயி. "அதற்குத்தானே ஈரல்? செம்பு, காட்மியம் என்று எந்த உலோக விஷம் வந்தாலும் உள்ளே போட்டுப் பூட்டிவிடும். என்னைப் பார், வாடியா போய்விட்டேன்?"

"முதுகில் பலகை வைத்திருப்பவளிடம் பேசிப் பயனில்லை அக்கா. வளையவே மாட்டாள்" என்று சிரித்தான் ஊசியான். அவன் நீண்டு ஒல்லியான ஊசிக்கணவாய். அவனும் குழாய் வாயில்தான் தின்றான்.

முட்டையிடும் காலம் வந்தது. பேய்க்கணவாய்த் தாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. வளையின் கூரையில் முட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு, வாசலைக் கற்களால் அடைத்துக்கொள்வாள். குஞ்சு பொரிக்கும்வரை எதுவும் தின்னமாட்டாள். முட்டைகள் அழுகாமலிருக்க ஓயாமல் தண்ணீர் ஊதிக்கொண்டே இருப்பாள். உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்துத்தான் உயிர் வாழ்வாள்.

அதனால் பவளாயி குழாய் வாயில் மூச்சு முட்டத் தின்றுவிட்டு வளைக்குள் போனாள்.

சில வாரம் கழித்துக் கல்லிடுக்கில் எட்டிப் பார்த்த ஓட்டாயி திடுக்கிட்டாள். பவளாயியின் எட்டுக் கைகளும் நடுங்கின. சரங்களின் கீழ் நுனியில் இருந்த முட்டைகள் அழுகத் தொடங்கியிருந்தன.

"ஓட்டாயி, நான் நண்டைத் தொட்டே வெகு நாளாயிற்று. ஆனால் வாயெல்லாம் அந்தக் கசப்பு. குழாய்த் தண்ணீர் இங்கே வருகிறதா?"

ஓட்டாயி வளைக்குள் இருந்த தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தாள்.

"இல்லை அக்கா. சுத்தமாக இருக்கிறது."

"அப்படியானால் எங்கிருந்து வருகிறது?"

ஓட்டாயி கற்களுக்கிடையே தேடிப் பார்த்தாள். பவளாயிதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"எனக்குள்ளிருந்து வருகிறது. ஈரல் கரைகிறது. பூட்டி வைத்ததெல்லாம் ரத்தத்தில் இறங்குகிறது. ஐயோ, ஊத முடியவில்லையே, என் பிள்ளைகள்!"

ஓட்டாயி கற்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவளே ஊதினாள். இரவும் பகலும் ஊதினாள். அப்படியும் பெரும்பாலான முட்டைகள் அழுகிப்போயின. மிச்சம் பொரித்த அன்று பவளாயி இறந்தாள்.

பொரித்த குட்டிகளை நீரோட்டம் இழுத்துப் போயிற்று. ஒன்று மட்டும் பாறையைப் பற்றிக்கொண்டு நின்றது.

நடந்தது எதுவும் தெரியாமல் ஊசியான் வந்தான். குட்டிகள் பொரித்திருக்கும், பசிக்குமே என்று குழாய் வாயிலிருந்து ஒரு நண்டுக் குஞ்சு கொண்டு வந்திருந்தான். ஓட்டாயி எல்லாவற்றையும் சொன்னாள். ஊசியானின் தோலில் இருந்த நிறப்புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உடம்பு முழுக்க வெளுத்துவிட்டது.

"நானும் அதைத்தானே தின்கிறேன்" என்றான்.

"சித்தி, பசிக்கிறது" என்றது குட்டி. "இதைத் தின்றால் உடனே செத்துப்போவேனா?"

"மாட்டாய்" என்றாள் ஓட்டாயி. "அதுதான் ஆபத்து. இன்றைக்கு ஒன்றும் செய்யாத விஷம், நாம் தளர்ந்து போகும் நாளுக்காக உள்ளே காத்திருக்கும்."

குட்டி நண்டைத் தொடவில்லை. தூரத்துப் பாறைப் பக்கம் ஓடிய ஓர் இறாலைத் துரத்திக்கொண்டு போனது.