பட்டியலில் இல்லாத அறை

மூன்றாம் அறைக்கு நடந்தது அநியாயம். தன்னிடம் கொடுத்ததையெல்லாம் ஒன்று குறையாமல் வைத்துக்கொண்டு அது உள்ளேயேதான் இருந்தது. அப்படி ஓர் அறையே இல்லாதது போல நடந்துகொண்டார்கள்.

ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தது. தகவல் சேமிக்கும் அதன் இரண்டு வட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, மூன்று அறைகளாகத் தடுத்திருந்தார் நிர்வாகி ஞானராஜ். அறை இருந்தால் மட்டும் போதாது. ஒரு கதவோடு மாட்டினால்தான் யாரும் உள்ளே போக முடியும். எந்த அறைக்கு எந்தக் கதவு என்பது ஒரு பட்டியலில் இருக்கும். சர்வர் கண்விழிக்கும்போதெல்லாம் பட்டியல் பெயர்களை உரக்கப் படிக்கும். அறைகள் போய் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் அறையை மட்டும் ஞானராஜ் அவசரத்தில் கையாலேயே மாட்டினார். பட்டியலில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார். மூன்று வருடம் சர்வர் அணையவில்லை. அந்த அப்புறமும் வரவில்லை. கடலோரக் கிணறுகளில் ஏறிவந்த உப்பின் அளவுகள் முழுதும் அந்த அறையில்தான் சேர்ந்தன. அந்தக் கிணறுகளில் பாதியை இப்போது மூடியாகிவிட்டது. மறுபடி அளக்க வழியில்லை.

ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. பட்டியல் இரண்டு பெயர்களைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

"என்னை விட்டுட்டீங்களே," என்றது மூன்றாம் அறை.

"உன் பேர் என்கிட்ட இல்லை," என்றது பட்டியல்.

"மூணு வருஷமா இங்கேதானே இருக்கேன்?"

"இருக்கிறது வேற, எழுதியிருக்கிறது வேற. எனக்கு ரெண்டாவதுதான் தெரியும்."

"அப்ப ஒரு தடவை வந்து பாருங்க."

"பார்க்கிறது என் வேலை இல்லை. படிக்கிறதுதான்."

மாணவர்கள் மூன்றாம் அறையின் கதவைத் திறந்தார்கள். ஒன்றுமில்லை. எல்லாம் போய்விட்டது என்று இரண்டு நாள் புலம்பினார்கள். பிறகு புது அளவுகளை அதே கதவு வழியாகப் போட ஆரம்பித்தார்கள். அந்தக் கதவு இருந்தது முதல் அறையின் சுவரில். பின்னால் அதன் அறை இல்லாததால், போட்டதெல்லாம் முதல் அறையிலேயே விழுந்தது. பத்தே நாளில் முதல் அறைக்கு மூச்சு முட்டியது.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன்," என்று அது மூன்றாம் அறையிடம் கேட்டது. "உன்கிட்டதான் ஆளே வர்றதில்லையே."

"வழியை அடைச்சு வச்சிட்டு, ஆள் வரலைன்னு சொன்னா என்ன நியாயம்?"

ஞானராஜ் வந்து பார்த்தார். "இது ஒண்ணு பட்டியல்லயே இல்லாம சும்மா கிடக்கு. அழிச்சிட்டு, இடத்தை முதல் அறைக்குக் கொடுத்திடலாம்," என்று ஆணையைத் தட்டினார். நிஜமாகவே அழிக்கவா என்று சர்வர் ஒரு தடவை கேட்டது.

பக்கத்தில் நின்றாள் ஆய்வு மாணவி நஸ்ரின். "சும்மா கிடக்குன்னு யார் சார் சொன்னது?"

"பட்டியல்ல இல்லம்மா."

"பட்டியலை எழுதினது யாரு சார்?"

ஞானராஜின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றது.

"வேற ஏதாவது கதவுல ஒரு தடவை மாட்டிப் பாருங்க. காலியா இருந்தா தாராளமா அழிங்க. நானே உங்களுக்கு டீ வாங்கித் தர்றேன்."

அவர் சர்வருக்கு 'வேண்டாம்' என்று பதில் தந்தார். அறையை ஒரு தற்காலிகக் கதவில் மாட்டினார். கிணறு கிணறாக, தேதி தேதியாக, எல்லாம் இருந்தது. உடனே பட்டியலைத் திறந்து மூன்றாவது வரியை எழுதினார்.

"இப்ப சொல்லுங்க," என்றது மூன்றாம் அறை. "இத்தனை நாள் நான் இல்லாமலா இருந்தேன்?"

பட்டியல் தன் மேல் ஏறிய புது வரியை ஒருமுறை படித்துப் பார்த்தது.

"இருந்தே. அவர் மறந்துபோனதைத்தான் நான் சட்டம் மாதிரி படிச்சுட்டு இருந்தேன்."