குறையில்லாத விண்ணப்பம்

“‘விண்ணப்பத்தில் குறிப்பிடும்படியான குறை ஏதுமில்லை, ஆயினும் நிதி வழங்கப் பரிந்துரைக்க இயலவில்லை.’ வாசிச்சுட்டேன் மேடம், ஒரு எழுத்து விடாம. குறையே இல்லைன்னா கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? எந்த ஊர் நியாயம் இது?”

சகாயராணி கடிதத்தை மேசைமேல் போட்டாள்.

“முதல் தடவை என்ன எழுதியிருந்தாங்க அக்கா?”

“பதினாலு குறைன்னு எழுதியிருந்தாங்க. பதினாலையும் சரி பண்ணிட்டேனே!”

மெஹ்ருன்னிசா கடிதத்தைத் தொடவில்லை.

சகாயராணி பதினெட்டு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள். ஊசியைப் பார்த்தால் கை நடுங்கும் டாக்டர் பிள்ளைகளுக்கு நரம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். ஆராய்ச்சிக்கு வந்து இரண்டே வருஷம். வயது நாற்பத்து மூன்று. வழிகாட்டியான மெஹ்ருன்னிசாவுக்கு முப்பத்து நான்கு. ஆகவே மூத்தவள் இளையவளை மேடம் என்றாள். இளையவள் மூத்தவளை அக்கா என்றாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

மூன்றாவது முறை விண்ணப்பிக்க நாளை மாலை ஐந்து மணிவரை நேரம். அதுவும் போனால் படிப்பு விடுப்பை நீட்டிக்க மாட்டார்கள். பழையபடி வார்டு. ஆராய்ச்சி அத்தோடு சரி.

“எதையெல்லாம் பார்த்து எழுதுனீங்க?”

சகாயராணி லேப்டாப்பைத் திருப்பினாள். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கென்றே இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது அத்தனையும் அங்கே இருந்தது. பதினோரு வெபினார். நிதி வாங்கிய விண்ணப்பங்களின் மாதிரிகள். நாற்பது கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல், நாற்பதுக்கும் டிக். பையிலிருந்து ஆறு சான்றிதழ்கள் வேறு வெளியே வந்தன. லேமினேட் செய்திருந்தாள்.

“எல்லாம் நல்ல தளம்தான்” என்றாள் மெஹ்ருன்னிசா. “நானும் இதுல கத்துக்கிட்டவதான்.”

“அப்போ எனக்கு மட்டும் ஏன் மேடம் வரலை?”

“பொதுமக்களுக்குன்னு தமிழ்ல ஒரு பக்கச் சுருக்கம் கேட்டிருப்பாங்களே. அதை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தாள்.

மெஹ்ருன்னிசா பென்சிலால் தலைப்பில் இருந்த ‘தூத்துக்குடி உப்பளம்’ என்பதை அடித்தாள். மேலே ‘ஊட்டி தேயிலைத் தோட்டம்’ என்று எழுதினாள்.

“இப்போ வாசிங்க.”

சகாயராணி வாசித்தாள்.

“எங்கேயாவது இடிக்குதா?”

“இடிக்கலை” என்றாள். பிறகு முகம் கொஞ்சம் மலர்ந்தது. “அது நல்லதுதானே மேடம்? எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி எழுதணும்னு ஆறாவது வெபினார்ல சொன்னாங்க.”

மெஹ்ருன்னிசா பென்சில் கோட்டை ரப்பரால் மெதுவாக அழித்தாள். துகளை ஊதினாள்.

“உப்பளத்துல வேலை செய்யுற பெண்கள் யாரோட நம்பராவது இருக்கா?”

“பேச்சித்தாய் நம்பர் இருக்கு. சிறுநீரகத்துல கல்லுன்னு என் வார்டுல ஒன்பது நாள் கிடந்தா. அவளைப் பார்த்துத்தானே நான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன்.”

“கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. தலைப்பை விட்டுட்டு மத்ததை வாசிச்சுக் காட்டுங்க.”

“இது என்ன விளையாட்டு மேடம்? மணி மூணாச்சு.”

“கூப்பிடுங்க அக்கா.”

நாலாவது ரிங்கில் பேச்சித்தாய் எடுத்தாள். காற்று இரைந்தது.

“சிஸ்டரம்மா! நல்லாருக்கியளா? வரப்புலதான் நிக்கேன், சொல்லுங்க.”

“ஒண்ணு வாசிக்கிறேன், கேளு பேச்சித்தாய்.”

“வாசிங்க, வாசிங்க.”

“‘இலக்குப் பகுதியிலுள்ள பெண்கள், விழிப்புணர்வுக் குறைவினால் பணி நேரத்தில் போதிய நீர் அருந்துவதில்லை. இதன் விளைவாகச் சிறுநீரகக் கற்களும் நோய்த்தொற்றும் ஏற்படுகின்றன. நீர் அருந்துவதன் அவசியத்தை அவர்களுக்கு எடுத்துரைப்பதே இந்த ஆய்வின் நோக்கமாகும்.’”

பேச்சித்தாய் உச்சுக்கொட்டினாள்.

“அடப் பாவமே. எந்த ஊர்ப் பொம்பளையளு சிஸ்டரம்மா? தண்ணி குடிக்கணும்னுகூடத் தெரியாமலா இருக்காளுவ?”

சகாயராணி மெஹ்ருன்னிசாவைப் பார்த்தாள். மெஹ்ருன்னிசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? விடியக்காலம் வீட்டுல ஒரு மடக்கு, அவ்வளவுதான். பொழுதுசாயுற வரைக்கும் நாக்கை நனைக்க மாட்டோம். குடிச்சா ஒதுங்கணும்லா? இந்த வெட்டவெளியில ஒரு செடி உண்டா, ஒரு சுவரு உண்டா? சுத்தியும் ஆம்பளையாளுவ நிக்காவ. வார்டுல உங்ககிட்ட இதைச் சொல்லி அழுதேன்லா, மறந்துட்டியளா?”

“மறக்கலை” என்றாள் சகாயராணி.

“இருந்தாலும் அவளுவ கொடுத்துவச்சவளுவ. யாரோ படிச்சவங்க இம்புட்டு அழகா எழுதியிருக்காவ. சிஸ்டரம்மா, எழுதுனவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, எங்களைப் பத்தியும் எழுதச் சொல்லுங்களேன்.”

சகாயராணி சுருக்கத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு வரி போதும், சிஸ்டரம்மா.”