நிறையாத பை

"டீச்சர், பை நிறையவே மாட்டேங்குது."

எபனேசர் சார் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அறுபதைத் தாண்டியவர். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றபின், வீட்டுக் கார் ஷெட்டை மரப்பட்டறை ஆக்கிக்கொண்டவர். ஜெசிந்தா டீச்சருக்கு அவர் மகள் வயது. ஆனால் அவருக்கு மரம் இழைக்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர்தான். ஆகவே குரு.

குரு உளி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தப் பை?"

"தூசி உறிஞ்சுற மெஷின்ல தொங்குற துணிப்பை. அறுக்கிற தூள் எல்லாம் பைப் வழியா வந்து அதுலதான் விழணும். நாள் பூரா அறுக்கிறேன். காலையில போய்ப் பார்த்தா பை காலி."

"காலியா இருந்தா நல்லதுதானே, சார்?"

"என்ன நல்லது? பையில இல்லாத தூசி வேற எங்க இருக்கும்? வீட்டுக்குள்ளதானே? தவமணிக்கு இருமல் நிக்கலை, டீச்சர்."

தவமணி அவர் மனைவி.

டீச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மரத்தூசிதான்கிறார். நெஞ்சு பாதி அடைச்சுக் கிடக்காம். இனியும் தூசி உள்ள போனா தாங்காதுன்னுட்டார். அதுக்காகத்தானே மெஷினே வாங்கினேன்!"

"வாங்கின பிறகு?"

"கூடிப்போச்சு."

வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை மட்டும் வரவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. பைப் இணைப்புகளுக்கெல்லாம் டேப் சுற்றினார். இருமல் கூடியது. மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய மோட்டார் போட்டார். இருமல் இன்னும் கூடியது. ஒரு காரியம் ஆகவில்லையென்றால் பெரிய மோட்டார் வாங்குவது ஆண்களுக்கு ஒரு தியானம். கண்ணைத் திறக்கவே வேண்டாம்.

"மெஷின்ல குறையே கிடையாது, டீச்சர். வாங்கின அன்னைக்கே வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுப் பாடம் எடுத்தேன். பை நிறைஞ்சா மெஷின் இழுக்காது, இழுக்கலைன்னா தூசி வீட்டுக்குள்ள வந்துடும்னு."

"எல்லாரும்னா?"

"பசங்க வெளியூர்ல இருக்காங்க. தவமணிதான்."

டீச்சர் உளியின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சு மெஷினை நிறுத்தினதும் என்ன செய்வீங்க?"

"நேரா குளியலறைதான். இந்தத் தூசியோட வீட்டுக்குள்ள போகலாமா? வெந்நீர் தயாரா இருக்கும்."

"அப்புறம்?"

"காபி."

"அதுவும் தயாரா இருக்கும்."

"இருக்கும்."

"இன்னைக்குக் குளிக்காதீங்க."

"டீச்சர், தூசி!"

"குளிக்காதீங்க. பை பக்கத்துல உட்காருங்க."

"எதுக்கு?"

டீச்சர் மறுபடி உளி தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

காரணம் சொல்லாமல் வேலை சொன்னால் இன்ஜினீயர்களுக்கு ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம்வரை வேங்கைப் பலகை அறுத்தார். மெஷினை நிறுத்தினார். கால் பழக்கத்தில் குளியலறைப் பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்து நின்றார்.

பையைப் பார்த்தார்.

வயிறு புடைத்துத் தொங்கியது.

தட்டினார். திம்மென்றிருந்தது. "நிறையுதே!" என்றார் வாய்விட்டு. சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக இதில் எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்று பார்த்துவிடுவோமென ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ராத்திரிவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு தவமணி வந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். அவரைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"ஏங்க, குளிக்கப் போகலியா? தண்ணி ஆறிடுமே."

"நீ எங்க இங்க?"

அவள் அதற்குள் பையின் வளையத்தைத் தளர்த்தியிருந்தாள். கை அதைப் பார்க்காமலே செய்தது. பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

அவர் பின்னாலேயே போனார். பெரிய மோட்டார், பெரிய பாரம்.

தென்னை மரத்தடியில் பையைக் கவிழ்த்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

பழுப்பாக ஒரு மேகம் எழுந்தது. அதற்குள் தவமணியைக் காணவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

"தவமணி! யார் உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

மேகம் அடங்க நேரமாயிற்று. இருமல் அடங்க அதைவிட நேரமாயிற்று.

"நெறஞ்சா இழுக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.

 

அவள் காலிப் பையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போய்க் குளிங்க. உங்க மேல எல்லாம் தூசி."