மயில் வைத்த அறிக்கை

காட்டுக் குளம் கோடையில் வற்றிக்கொண்டிருந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகிக்கு ஒரே கவலை. தண்ணீர் தீருமுன் கூட்டத்தை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவும் விடியலிலேயே கிளம்ப வேண்டும். பிறந்து சில நாளே ஆன கன்று உச்சி வெயிலைத் தாங்காது.

மயிலைக் கூப்பிட்டது.

"தினமும் காலையில் குளத்து நிலவரத்தைப் பாறைமேல் அறிக்கையா வை. தண்ணீர் எவ்வளவு இருக்கு, எப்போ கிளம்பணும்? அது போதும்!"

மயில் முதல் நாள் வெள்ளைக் கூழாங்கற்களை ஒரே வரிசையாக வைத்தது. தண்ணீர் குறையக் குறைய வரிசையும் குறையும். பார்த்ததும் புரிந்தது.

ஆனால் தவளை வந்தது. "எங்க கச்சேரி கணக்கு எங்கே?"

கொக்கு வந்தது. "மீன் வரத்துக் கணக்கைப் போடலையா?"

குரங்குக்கு மாம்பழக் கணக்கு வேண்டுமாம்!

மயிலுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. சிவப்புப் பூ, மஞ்சள் காய், பச்சை இலை என்று பாறையை நிரப்பியது. இடம் போதாமல் வெள்ளைக் கற்களை ஒரு மூலைக்குத் தள்ளியது. அழகுக்குத் தன் இறகுகளையும் சுற்றிப் பரப்பியது. கல்யாணப் பந்தல் தோற்றது போங்கள்!

பெரியநாயகி தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தது, அப்படிச் சாய்த்துப் பார்த்தது. ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் மானம் போய்விடுமே!

"பிரமாதம்!" என்றது. மற்ற யானைகளும் தலையாட்டின.

ஒருநாள் வெயில் ஏறியபிறகு பெரியநாயகி தண்ணீர் குடிக்கப் போனது. தும்பிக்கை நிறையச் சேறு!

"எங்கேடா தண்ணீர்?" என்று மயிலைப் பிடித்தது.

"மூணு நாளா குறையுதுன்னு போட்டிருக்கேனே!" என்று மயில் அலறியது. "தென்மேற்கு மூலை, ஊதாப் பூவுக்கு அடியில, இறகைத் தூக்கிப் பார்த்தா தெரியும்!"

பெரியநாயகிக்கு வந்த தும்மலில் சேறு முழுக்க மயில்மேல் விழுந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. கன்று நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. வேறு வழியின்றி அந்தக் கொளுத்தும் வெயிலிலேயே யானைகள் கிளம்பின.

"மயிலே, ஏறுடா கன்று முதுகில்! தோகையை விரி! நிழல் விலகக் கூடாது!"

மயில் குடையாக நின்றது. இறகு கனத்தது, தொண்டை வறண்டது. அது தோகையைத் தாழ்த்தப் பார்த்தபோதெல்லாம் கன்று தள்ளாடியது. பாவம், மயிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேட்டின்மேல் ஏறியதும் பெரியநாயகி கேட்டது: "என்னடா தெரியுது?"

"ஆறு. தண்ணீர் இருக்கு. நேரா நடங்க!"

"அடப்பாவி! இதைத்தானே நான் அன்னிக்கே கேட்டேன்!" என்றபடி பெரியநாயகி கன்றைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

கேட்டவருக்கு எது வேண்டும் என்பதை மறந்து எல்லாவற்றையும் அடுக்கும் அறிக்கை, எத்தனை அழகாக இருந்தாலும், வேண்டிய ஒன்றை மறைத்துவிடும்.