கௌதாரி போட்ட இரண்டு ஓட்டு

ஒரு காட்டில் பெரிய குளம் இருந்தது. அந்தக் காட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று, காடு முழுவதற்கும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க. இன்னொன்று, அவரவர் கரைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க. யானை தலைவரானது. கீழ்க்கரைக்குக் காட்டுப்பன்றி, மேல்கரைக்குக் குரங்கு என்று உறுப்பினர்களும் வந்தார்கள்.

கீழ்க்கரையின் அடியில், புல்லுக்குள் ஒரு கௌதாரி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அது பதறியடித்துக்கொண்டு யானையிடம் ஓடியது.

"தலைவரே! கரையில் தண்ணீர் கசிகிறது! கரை உடைந்தால் என் முட்டையெல்லாம் போய்விடும்!"

"இதற்கா கலங்குகிறாய்? நான் இருக்கிறேன், போ!" என்றது யானை.

சொன்னபடியே பாறாங்கல் ஒன்றைத் தூக்கிவந்து கசிவின்மேல் வைத்தது. நல்ல மனசுதான். ஆனால் கல்லைச் சுற்றிக் களிமண் அப்பாவிட்டால் தண்ணீர் நிற்குமா? களிமண் தோண்டத் தெரிந்தது காட்டுப்பன்றிக் கூட்டத்துக்கு மட்டும்தான்.

காட்டுப்பன்றி உறுமிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு என் கரையில் கல் வைத்தீர்கள்? உறுப்பினர்கள் வாலைத் தூக்கிச் சம்மதம் சொல்லாமல் ஒரு கூழாங்கல்கூட நகரக் கூடாது!"

"என்னைத் தேர்ந்தெடுத்தது இந்தக் காடு! ஒரு கரைக்காரரிடம் வந்து நான் கேட்டு நிற்க வேண்டுமா?"

"அப்படியானால் காட்டையே கூப்பிட்டு மண் அப்பிக்கொள்ளுங்கள்!"

மறுநாள் கூட்டம் கூடியது. கூட்டமா அது! யானை ஒரு பாறைமேல் ஏறி நின்றது. "நீங்கள் மேலே, நாங்கள் கீழேயா?" என்று குரங்கு குதித்தது. அந்தச் சண்டையிலேயே காலைப்பொழுது போயிற்று.

"களிமண் அப்பச் சம்மதமா?" என்று ஒருவழியாக யானை கேட்டது. ஒரு வால்கூட எழவில்லை. எப்போது ஓடினாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றிகூட அன்று வாலின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"கல்லை எடுக்கச் சம்மதமா?" என்றது குரங்கு. எல்லா வாலும் எழுந்தன.

"தலைவர் நான் ஒப்புக்கொள்ளவில்லை!" என்று பிளிறியது யானை.

அப்போது கௌதாரி நனைந்த சிறகோடு வந்து நடுவில் நின்றது. அது கத்தவில்லை.

"பாதி முட்டை தண்ணீரோடு போய்விட்டது. மீதியை மேட்டுக்கு உருட்டிவிட்டு வந்திருக்கிறேன். தலைவரே, ஒரு ஓட்டு உங்களுக்குப் போட்டேன். பன்றி அண்ணே, இன்னொன்று உனக்குப் போட்டேன். உங்களில் யார் பெரியவர் என்று பார்க்கவா போட்டேன்? இரண்டும் அந்த ஒரே கூட்டுக்காகப் போட்டதுதான்!"

எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

யானை பாறையைவிட்டு இறங்கியது. "பன்றியாரே, உம்மைக் கேட்காமல் கல் வைத்தது என் தப்புதான். வருகிறீரா?"

காட்டுப்பன்றி வாலைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடியது. குரங்கும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் கல்லைச் சுற்றி மண் ஏறியது, கசிவு நின்றது.

மீந்த முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. போன முட்டைகள் போனதுதான்.

ஊர் தேர்ந்தெடுத்தவர்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று சண்டை போட்டால், நஷ்டமெல்லாம் ஓட்டுப் போட்டவர்களுக்குத்தான்.