மூன்று நூல்

ஊர் நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஹெலன் டீச்சர். அறுபது வயதில் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார் தங்கப்பழம். உப்பளத்தில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

தங்கப்பழத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கடிதம் எழுத வந்தால் போதும்.

மனைவி கனியம்மாள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பரோடாவில் இருந்த மகனுக்குத் தந்தி போனது. அவன் வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்காத மகன் அதன்பிறகு அப்பாவுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. தமிழ் தெரியாத மருமகள்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டிருந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று முன்பே ஏன் சொல்லவில்லை?

பதில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இழப்பதற்கும் தளர்வதற்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை. இழப்பதில் ஒரு 'ஓ', தளர்வதில் இரண்டு. தங்கப்பழம் இரண்டையும் லூஸ் என்றுதான் சொன்னார். எது எதற்கு என்பது மாடிப்படி இறங்குவதற்குள் மறந்துவிடும்.

பின்வரிசையில் இருந்த பஸ் கண்டக்டர், "மூணாவதா ஒரு லூஸும் இருக்கு அண்ணாச்சி. கண்ணாடியில பாருங்க" என்றார். வகுப்பு சிரித்தது. தங்கப்பழமும் சிரித்தார்.

எல்லாரும் போன பிறகு டீச்சரிடம் வந்து நின்றார்.

"இது ரெண்டையும் எப்படித்தான் பிரிச்சு வச்சுக்கிடுறது டீச்சர்?"

டீச்சர் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கேட்டு வாங்கினார். அவர் அதைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு மோதிரம் கிடப்பதைக் கவனித்திருந்தார். பெண்கள் போடுவது. உள்பக்கம் நூல் சுற்றியிருந்தது.

"யாரு சுத்துனது?"

தான்தான் என்றார். பாத்திரம் தேய்க்கும்போது கழன்று விழுகிறது என்று கனியம்மாள் கொண்டுவந்து தந்தாளாம். வெள்ளை நூல் சுற்றிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மறுபடியும் விழுந்தது. மஞ்சள் நூல் சுற்றினார். பிறகு நீலம். மோதிரம் பெருத்துப்போச்சு என்று அவள் சொல்லிச் சிரிப்பாளாம்.

"அப்போ மகனுக்கு என்ன எழுதுனீங்க?"

"எப்பவும் எழுதுறதுதான். இங்கு யாவரும் நலம்."

டீச்சர் மோதிரத்தை அவர் கையில் வைத்தார்.

"அவுத்துப் பாருங்க."

முடிச்சு நகத்துக்கு வரவில்லை. குண்டூசியால் நெம்பினார். நீலம் வந்தது. அதன் கீழே மஞ்சள். அதன் கீழே அழுக்கேறிய வெள்ளை. மேஜையில் ஒரு கைப்பிடி நூல் சேர்ந்தது. நூலோடு இருந்தபோது அவர் சுண்டுவிரலின் நுனிகூட அந்த மோதிரத்துக்குள் நுழையாது. இப்போது அடிவரை இறங்கியது. கல்யாணத்தன்று அவள் போட்டிருந்த அளவு.

மூன்று நூலையும் பிரித்து வரிசையாக வைத்தார்.

"மோதிரத்தைத்தான் பார்த்திருக்கேன் டீச்சர். விரலைப் பார்க்கல."

டீச்சர் வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்தார்.

"இப்போ ரெண்டு லூஸுல எதை எழுதட்டும்?"

"இழந்தது தந்தியிலயே அவங்களுக்கு வந்திட்டு அண்ணாச்சி. தளர்ந்ததை எழுதுங்க. வெள்ளை நூல்ல இருந்து ஆரம்பிங்க."